பௌர்ணமிப் பிழைகள்

என் மனைவிக்கு வந்த மின்னஞ்சலை நான்தான் முதலில் படித்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், மடிக்கணினி மேசைமேல் திறந்தே கிடந்தது, திரையின் ஓரத்தில் அவள் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பியிருந்த ஜர்னலின் பெயர் தெரிந்தது. திருட்டுத்தனமாகப் படிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தண்ணீர் விழும் சத்தம் நிற்கிறதா என்று ஒரு காதைக் குளியலறைப் பக்கம் வைத்துக்கொண்டே படித்தேன். அதற்குத் திருட்டுத்தனம் என்றுதான் பெயர்.

அவள் கட்டுரையை அவர்கள் நிராகரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதித் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் துறையில் அந்த ஜர்னல் இப்படிச் சொன்னால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதே வாரம் என் கட்டுரை மூன்றாவது ஜர்னலிலிருந்தும் திரும்பி வந்திருந்தது. "சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் இது சான்றாகாது" என்று ஒரு வரி. சுவாரசியமாக இருக்கிறதாம். கிரிக்கெட்டும்தான் சுவாரசியமாக இருக்கிறது.

எனக்குப் பொறாமை வந்தது. கொஞ்சநஞ்சமில்லை. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நான் மின்னஞ்சலைப் படிக்காதவன் மாதிரி சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அவள் படித்துவிட்டுக் கத்தினாள். நான் ஓடிவந்து ஆச்சரியப்பட்டேன். சாயங்காலம் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தேன், பாதிக்கு மேல் நானே தின்றேன்.

நாங்கள் இருவருமே வாத்தியார்கள். வீடு விழுப்புரத்தில். அவள் இங்கேயே ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் எடுக்கிறாள். நான் தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போய்வருகிறேன். இருவரும் வேலையோடு வேலையாகப் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம், அதுவும் ஒரே பொருளில். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஆயிரம் நம்பிக்கைகள் வைத்திருக்கிறார்கள். இப்படி எழுதினால் பிழை வராது, அப்படிச் சோதித்தால் பிழை தங்காது என்பார்கள். எதற்குச் சான்று இருக்கிறது, எது வெறும் பழக்கம் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அதாவது, ஊரில் எல்லாரும் நம்புவதை 'எப்படித் தெரியும்?' என்று கேட்டு வெறுப்பேற்றுவது.

பொருள் ஒன்று, வழி வேறு. நான் ஆட்களோடு போய் உட்காருகிறவன். எப்படி எழுதுகிறார்கள், எப்போது சலித்துக்கொள்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெடுப்பேன். அவள் பதிவுகளை எடுத்து எண்ணுகிறவள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் என் குறிப்பேடுகள், மறுபக்கம் அவள் அட்டவணைகள். "எண்ணிக்கை பேசாது, நாமதான் அதுக்கு வாய் வெச்சி வுடறோம்" என்பேன். "பேசறவங்கல்லாம் நெசத்தையா பேசறாங்க? எண்ணிப் பாருங்க மொதல்ல" என்பாள். சாம்பார் ஆறுகிற வரைக்கும் இது நடக்கும். கல்யாணமான புதிதில் இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. அப்போது இருவருமே ஒன்றும் வெளியிட்டிருக்கவில்லை.

அவள் கட்டுரை என்ன என்று சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் உரக்கடை ஒன்றின் பின்னால் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் இருக்கிறது. ஆறேழு பேர். அரிசி ஆலைகளுக்கும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மண்டிகளுக்கும் மூட்டை எடைபோட்டுச் சீட்டு எடுக்கிற புரோகிராம் செய்து தருகிறார்கள். ஆலைக்காரர் போன் செய்து ஏதாவது கேட்டால் புரோகிராமில் மாற்றம் செய்து உடனே அனுப்புவார்கள். அனுப்புவதற்கு முன் அங்கேயுள்ள மூத்த புரோகிராமர், நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரர், அந்த மாற்றத்தை வரிவரியாகப் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கணினிப் பதிவேட்டில் 'படித்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர் விழும். சில மாற்றங்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவர் படிக்காமலே போனவை.

என் மனைவி சில வருடங்களுக்கான அந்தப் பதிவேட்டை வாங்கி எண்ணினாள். படித்து அனுப்பியவற்றில் பின்னால் வந்த பிழைகள் குறைவு, படிக்காமல் அனுப்பியவற்றில் கண்கூடாக அதிகம். ஆகவே இன்னொருவர் படிப்பது பயன் தருகிறது. இதுதான் அவள் முடிவு.

ஜர்னலுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்த நடுவர் கேட்ட கேள்வி எளிமையானது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளிவிட்டதா? படிக்காமல் போன மாற்றங்கள் அவசரமானவையாக, சிக்கலானவையாக இருந்திருக்கலாம். சிக்கலானது எப்படியும் பிழையாகத்தான் போகும், யார் படித்தால் என்ன? படிக்காததால்தான் பிழை வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் பதில் இல்லை. அந்த அலுவலகத்தாரிடம் ஏற்கெனவே ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தாள். கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு 'அவசரம்', 'வேலைப்பளு', 'மறதி' என்று மூன்று விடைகள் போட்டிருந்தாள். எல்லாரும் ஒற்றுமையாக 'வேலைப்பளு'வில் டிக் அடித்திருந்தார்கள். அந்த டிக் அவள் கழுத்துக்கே கத்தி. வேலைப்பளு அதிகமான நாளில் எழுதுவதும் அரக்கப்பரக்க எழுதுவதுதானே, படிக்காததா காரணம், அவசரமா? நடுவர் அதைத்தானே கேட்கிறார்.

ஒன்றரை மாதம் அவகாசம் இருந்தது. பதில் கிடைத்தால் கட்டுரை, கட்டுரை வந்தால் டாக்டர் பட்டம். கிடைக்காவிட்டால் நான்கு வருட உழைப்பு போச்சு. அவளுக்கு எல்லாமே அந்த ஒரு காலிக் கட்டத்தில் நின்றது.

இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் துறைத்தலைவர் வழியில் நிறுத்தி, "உங்க மேடம் பேப்பரு பெரிய எடத்துல வருதாமே சார்? நீங்க எப்ப?" என்றார். என் மாமியார் போனில், "டாக்டரம்மா இருக்காளா?" என்றே ஆரம்பித்தார். இருக்காளா என்று என்னிடம் கேட்கத்தான் எனக்குப் போன். என் சொந்தத் தம்பியே, "அண்ணி கில்லாடிதான்ணா" என்றான். நான் எல்லாருக்கும் சிரித்தேன். கன்னம் வலிக்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்போடுதான் திண்டிவனம் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில், கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, வர நேரமாகும் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு உதவப் போனேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உதவப் போகவில்லை. அவள் கட்டுரையில் ஓட்டை தேடிப் போனேன். நடுவர் சந்தேகப்பட்டது உண்மைதான் என்று என் வழியில், ஆட்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாரு, எண்ணி எண்ணி என்னத்தைக் கண்டாய், ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவளிடம் நிதானமாக, பரிவோடு சொல்ல வேண்டும். அந்தப் பரிவை பஸ்ஸில் ஒத்திகை கூடப் பார்த்தேன்.

மேடம் வீட்டுக்காரர் என்பதால் நாற்காலி போட்டு டீ வாங்கித் தந்தார்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் தேறவில்லை. அந்த மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்கு முகத்தைக் கொண்டுபோய், உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். சின்னது பெரியது பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்தார். ஒரு கட்டமும் காலியாகவில்லை.

மூன்றாம் நாள் போனபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடமான புரோகிராமர், போனில் ஒரு ஆலைக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். சாக்கின் எடையைப் புரோகிராம் இரண்டு முறை கழித்துவிடுகிறதாம், ஆலை வாசலில் லாரி நிற்கிறதாம். "இதோ ஜல்தியா அனுப்பறேங்க" என்று வைத்தவள் பத்து நிமிடத்தில் திருத்தி எழுதி அனுப்பியும் விட்டாள். கட்டம் காலி.

"யாரும் படிக்காமலே அனுப்பிட்டீங்களே?" என்றேன்.

"அண்ணன் இல்லியே சார்."

"எங்க போயிருக்காரு?"

"பௌர்ணமி ஆச்சே சார், திருவக்கரை அம்மன் கோயிலுக்கு. மத்தியானமே கெளம்பிடுவாரு. ராத்திரி ஜோதி பாத்துட்டு நாளைக்கும் லீவு. மாசாமாசம் இப்டிதான்."

"மத்த நாள்ல லீவு போடமாட்டாரா?"

"அவரா? ஜொரத்துல மாத்திரைய போட்டுக்கினு வந்து ஒக்காருவாரு. பௌர்ணமியும் மறுநாளும்தான் சார் அவரு இல்லாத நாளு."

நான் குறிப்பேட்டை எடுத்தேன். "மேடம் கேள்வித்தாள் குடுத்தப்போ எல்லாரும் வேலைப்பளுன்னு எழுதியிருந்தீங்களே?"

அவள் சங்கடமாகச் சிரித்தாள். "கோயிலுக்குப் போறதெல்லாம் ஆராய்ச்சில எழுதுவாங்களா சார்? வெளிநாட்டுக்காரங்க படிப்பாங்கன்னு மேடமே சொன்னாங்க. கம்ப்யூட்டர் ஆபீசுல பௌர்ணமி பாக்கறாங்கன்னு தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க? மானம் போய்டும். அதுவும் இல்லாம, அந்த மூணு கட்டத்துல கோயிலுன்னு ஒண்ணும் இல்லியே சார். இருக்கறதுலயே கௌரவமா இருந்தது வேலைப்பளுதான்."

மேடத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மேடத்தின் கட்டுரைக்கு உலை வைத்திருந்தார்கள். அம்மனை ஆராய்ச்சியிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் போனதே இல்லை. காலிக் கட்டங்கள் எல்லாம் மாதத்தில் இரண்டே நாளில்! பௌர்ணமியன்றும் அதற்கு மறுநாளும்! இதை அந்த ஜர்னலுக்கு அவள் எழுதட்டும் பார்க்கலாம். நிலா வந்தால் பிழை வரும் என்று எழுதட்டும். நடுவர் சிரித்து முடிக்கவே ஒரு மாதம் ஆகும். என் பரிவான வாக்கியங்களை மறுபடி அடுக்கிப் பார்த்தேன். 'நீ கவலப்படாத, எல்லாருக்கும் வர்ற தப்புதான்.' அருமையாக இருந்தது.

விக்கிரவாண்டி வரும்போது, இதையே நான் கட்டுரையாக எழுதினால் எப்படி எழுதுவேன் என்று யோசித்தேன். அங்கேதான் பிசகியது. எழுத வேண்டுமானால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எந்த மாற்றம் படிக்கப்படாமல் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? எழுதுகிற பெண் இல்லை. மூத்தவரும் இல்லை. அவர் மாற்றத்தைப் பார்த்து, இது சிக்கல், இதை விட்டுவிடலாம் என்று கோயிலுக்குப் போகவில்லை. ஆலைக்காரரும் இல்லை. நெல் லாரி பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. எளிதான மாற்றமும் வரும், கஷ்டமானதும் வரும், மற்ற நாட்களில் வருகிற அதே மாதிரி. முடிவு செய்வது நிலா மட்டும்தான். நிலாவுக்குப் புரோகிராம் தெரியாது.

அப்படியானால் நடுவரின் சந்தேகம் செத்தது. படித்ததும் படிக்காததும் ஒரே மாதிரியான மாற்றங்கள், யாரோ சீட்டுக் குலுக்கிப் பிரித்த மாதிரி. நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் ஏங்கிச் சாகிற விஷயம் இது. எந்த நிறுவனமும், 'கண்ணை மூடிக்கொண்டு சிலதைப் படிக்காமல் வாடிக்கையாளருக்கு அனுப்பிப் பார்க்கிறோம்' என்று நமக்காக ஒத்துக்கொள்ளாது. உரக்கடைக்குப் பின்னால் வருடக்கணக்காக அது தானாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் கட்டுரையை உடைக்க எடுத்த கல், அவள் வீட்டுக்கு அஸ்திவாரக் கல்லாக இருந்தது.

கெடுவான் கேடு நினைப்பான் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. நான்கு வருடத்தில் நான் கண்டுபிடித்தவற்றில் அது ஒன்றுதான் கண்டுபிடிப்பு. அதுவும் என் வழியில், உட்கார்ந்து, பார்த்து, பேசிக் கண்டது. அது அவளுக்குத்தான் உதவும். எனக்கு ஒரு மயிருக்கும் உதவாது. கிழக்கே மல்லாட்டைக் காட்டுக்கு மேலே நிலா பெரிதாக ஏறிக்கொண்டிருந்தது. பார்க்கவே பிடிக்கவில்லை, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும். சொல்லாமல் இருப்பது ஒரு வேலை மாதிரி. காலையில் எழுந்ததும் ஆரம்பிக்க வேண்டும். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு மாற்றமும் எத்தனை வரி என்று எண்ணி, வரி அதிகமானால் சிக்கல் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று முட்டி மோதிக்கொண்டிருந்தாள். எனக்கு அது உதவாது என்று தெரியும். ஒரே ஒரு வரி தப்பில் லாரி நின்ற கதையைக் கேட்டுவிட்டு வந்தவன் நான். சாப்பிடும்போது சண்டை போடுவதைக்கூட விட்டுவிட்டாள். ரசத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என்னிடமே கேட்டாள். "என்னங்க, நீங்க என்ன நெனைக்கிறீங்க? இதுக்கு வழி இருக்கா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது: "வாபஸ் வாங்கிடலாம்னு தோணுது. சின்ன ஜர்னலா பாத்து அனுப்பலாம். எதுக்கு வீண் பேஜாரு?"

இதைச் சொன்னவன் நான்தான். பொறாமையை வயிற்றெரிச்சல் என்கிறோம், எனக்கு அன்று வயிறு குளுகுளு என்று இருந்தது. அதுதான் அசிங்கம்.

பிறகு ஒரு ஆசை வந்தது. ஒருவேளை நான் யோசித்தது தப்பாக இருந்தால்? பௌர்ணமி என்றாலே அந்த அலுவலகத்தில் வேறு ஏதோ கோளாறு நடந்தால்? மற்றவர்களும் கோயில் நினைப்பில் ஏனோதானோ என்று எழுதினால்? அப்படியென்றால் சொல்லாமல் இருப்பதில் குற்றமே இல்லை, சொல்ல ஒன்றும் இல்லையே. அதை நிரூபிக்க மறுபடி திண்டிவனம் போனேன். இந்த முறை மூத்தவரிடமே கேட்டேன்.

"பௌர்ணமிக்கு ஒரு தபாகூட தவற மாட்டீங்களா?"

"அப்பா தவறுன வருசம் மட்டும் போவல சார்" என்றார். "துக்கம் இல்ல? வருசம் திரும்பற வரைக்கும் கோயில் படி ஏறக்கூடாதுன்னுட்டாங்க. பௌர்ணமி அன்னிக்கெல்லாம் இங்கியேதான் ஒக்காந்து படிச்சிக்கினு இருந்தேன். மனசே ஆறல."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு வருடம் பௌர்ணமி இருந்தது, அவரும் இருந்தார். பௌர்ணமிதான் குற்றவாளி என்றால் அந்த வருடமும் அந்த நாட்களில் பிழைகள் அதிகமாக இருக்க வேண்டும். அவர் படிக்காததுதான் காரணம் என்றால் இருக்கக்கூடாது. அவள் கல்லூரியில் இருக்கும்போது அவள் மடிக்கணினியைத் திறந்து, நான் கிண்டல் செய்கிற அதே அட்டவணையில், அந்த வருடத்துப் பௌர்ணமிகளை எண்ணினேன். அதிகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எண்ணினேன். மற்ற நாட்களைப் போலத்தான் இருந்தது. மறுபடி எண்ணினேன். மாறவில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். "வாபஸ் லெட்டர் எழுதிட்டேன். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துடுங்க. அனுப்பிடலாம்."

நாலு வரிக் கடிதம். 'அந்தப் பதிவுகள் ஏன் காலியாக இருந்தன என்பது எங்களுக்குத் தெரியவில்லை' என்று மூன்றாவது வரி. அதைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. அவளுக்காக இல்லை. இதை நான் நல்லவனாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டுத் தோற்றிருக்கிறேன், ஆகவே நேராகவே எழுதுகிறேன். தெரியவில்லையாம்! எனக்குத் தெரியுமே! இவ்வளவு அழகான ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன், அது யாருக்கும் தெரியாமல் இந்த மேசையிலேயே செத்துப்போகப் போகிறதே என்ற எரிச்சல். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தகுதி இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அனுப்பாத" என்றேன். சொன்னேன். திருவக்கரை, பௌர்ணமி, மானம், மூன்று கட்டம், அப்பா தவறிய வருடம், எல்லாவற்றையும்.

அவள் போனில் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "படிங்க" என்றாள். நான் பௌர்ணமித் தேதிகளைப் படிக்கப் படிக்க அவள் அட்டவணையில் தேடினாள். காலி. காலி. காலி. பத்துப் பன்னிரண்டு ஆனதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு நடுவில் அழுகையானது. "ஒரு கட்டம் சேத்து குடுத்திருந்தா எழுதியிருப்பாங்களேங்க. 'மற்றவை'ன்னு ஒரு கட்டம். அதுகூட குடுக்கலியே நான்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகவா போயி ஒக்காந்தீங்க? எப்ப தெரிஞ்சுது?"

"முந்தாநேத்துதான்" என்றேன்.

அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் திண்டிவனம் போய் அவர்களிடம் பேசி, கோயில் விஷயத்தை எழுதச் சம்மதமும் வாங்கி வந்தாள். மூத்தவர், அம்மன் பேரையும் போடுவீங்களா என்று கேட்டாராம். கட்டுரையில் என் பெயரை இரண்டாவதாகச் சேர்ப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். "சரி" என்றேன், அவள் வாக்கியம் முடிவதற்குள்.

அந்த வாரம் முழுக்க அவள் என்னை ஒரு மாதிரியான மரியாதையோடு பார்த்தாள். எனக்குக் காபி ஆறுவதற்குள் வந்தது. என் வழியில் அர்த்தம் இருக்கிறது என்று அவள் வாயாலேயே தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். அப்போதும் பொறாமை போகவில்லை. இரண்டாவது பெயர் இரண்டாவதுதானே என்று ஒரு மூலை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கடைசியாக, சான்று எப்படிக் கிடைத்தது என்று விளக்குகிற பகுதியை அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அவரு இல்லாதப்போ படிக்காம அனுப்பறாங்கன்றது, அந்தப் பொண்ணு சொன்னதா, நீங்க நேர்ல பாத்ததா? கேட்டதுன்னா ஒரு மாதிரி எழுதணும், பாத்ததுன்னா வேற."

பார்த்தது என்றால் சான்றின் எடை கூடும் என்று எனக்குத் தெரியாதா? என் வழிக்கே அதுதானே பெருமை. "நேர்லயே பாத்தேன்" என்றேன். "நாற்காலி காலியா இருந்துது. ஆலைலேர்ந்து போனு வந்துது. எங் கண்ணு முன்னாடிதான் அந்தப் பொண்ணு எழுதி அனுப்புனா."

அவள் தட்டச்சு செய்தாள். பிறகு விரல் நின்றது.

"அப்ப அன்னிக்கு பௌர்ணமி" என்றாள்.

சுவரில் தினசரி காலண்டர் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தேதிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. முந்தாநேத்துதான் தெரிந்தது என்று நான் சொன்னதும், வாபஸ் வாங்கச் சொன்னது அந்தப் பௌர்ணமிக்குப் பின்னால் என்பதும் அவளுக்கு நினைவிருந்திருக்கும். எண்ணுகிறவள் அவள்.

அவள் அந்தப் பௌர்ணமியின் தேதியை அடித்தாள். ஒரு காற்புள்ளி போட்டாள். தொடர்ந்து, கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு, அதாவது தனக்கு, இந்தத் தகவல் தெரிவிக்கப்பட்ட நாள் என்று எழுதி, அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் அடித்தாள். தான் எண்ணி முடித்த பிறகுதான் தனக்குக் காரணம் தெரியவந்தது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு எண்ணவில்லை என்று நடுவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு இரண்டு தேதியும் வேண்டும் என்றாள். முறைப்படி அது சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரே வரியில் இரண்டு தேதிகள், நடுவில் பத்து நாள். உலகத்தில் எந்த ஊரில் யார் படித்தாலும் ஒன்றும் தெரியாது.

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு தேதியும் சரியான்னு பாத்து சொல்லுங்க. உங்க பேரும் இருக்கில்ல" என்றாள்.

பார்த்தேன். "சரியாத்தான் இருக்கு" என்றேன்.